அத்தை வீட்டுச் சுவர்

கதவு நிலைக்கு மேலே சாவி இல்லை.

கெர்த்து நுனிக்காலில் எம்பி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை விரலால் துழாவினாள். நாலைந்து வருடத்துத் தூசி வந்தது. சாவி வரவில்லை.

“நல்லாத் தடவிப் பாருடி,” என்றாள் ஐலா. அவள் முதுகில் பதினெட்டு கிலோ மூட்டை. வியன்னா ரயில் நிலையத்திலிருந்து டிராமில் ஏறியிருந்தால் பத்து நிமிடத்தில் வந்திருக்கலாம். கெர்த்துவோடு ஊர் சுற்றக் கிளம்பியவர்களுக்கு டிராம் கிடையாது. கால் இருக்க டிராம் எதற்கு என்பது அவள் கட்சி. கட்சியின் ஒரே தொண்டர் ஐலா.

“தடவிட்டேன். மூணாவது மாடி, படி ஏறினதும் இடது கைக் கதவு, சாவி நிலைக்கு மேல. அத்தை கடுதாசில அப்படித்தான் எழுதியிருக்கா.”

மாடிக் கணக்கில் பிழை இருக்க வழியில்லை. தெருவாசலைத் தாண்டியதுமே கெர்த்து “ஒண்ணு” என்று சத்தமாகச் சொல்லி, அடுத்ததில் “ரெண்டு”, அதற்கடுத்ததில் “மூணு, அப்பாடா!” என்று மூட்டையை இறக்கியிருந்தாள். பின்லாந்தில், கயானியில் பிறந்த எந்தப் பிள்ளையும் அப்படித்தான் எண்ணும்.

ஐலா களைப்பில் கதவின் மேல் சாய்ந்தாள். கதவு திறந்துகொண்டது. அவள் மூட்டையோடு மல்லாக்க உள்ளே போய் விழுந்தாள். பூட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஓட்டை இருந்தது. ஓட்டையில் செய்தித்தாளைச் சுருட்டிச் செருகியிருந்தார்கள்.

“பாத்தியா, நமக்காகத் திறந்தே வச்சிருக்கா! அதான் சாவி இல்ல,” என்றாள் கெர்த்து.

மல்லாந்து கிடந்தபடியே ஐலா வீட்டைப் பார்த்தாள். கட்டில் இல்லை, நாற்காலி இல்லை, திரைச்சீலை இல்லை. தரை முழுக்கப் பழைய காகிதம். நடுக்கூடத்தில் ஒரு ஏணி. சுவரோரம் பெயிண்ட் டப்பாக்கள். இரண்டு மரக்கால்களின் மேல் ஒரு பலகை, மூலையில் பாதி காலியான பீர் பெட்டி, அதன் மேல் கடித்து மிச்சம் வைத்த ஒரு சாசேஜ்.

“இது வீடா?”

“சிர்க்கா அத்தை சிற்பிடி. கொஞ்சம் ஒரு மாதிரி. போன கிறிஸ்துமஸுக்கு எங்கப்பாவுக்கு ஒரு கல்லை அனுப்பினா. பொருள் சேக்கறது பாவம்னு அதோட ஒரு கடுதாசி. அப்பா அந்தக் கல்லைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்காரு.”

கெர்த்து அத்தையைக் கடைசியாகப் பார்த்தது ஆறு வயதில். அத்தை வியன்னாவுக்குக் குடிபோய்ப் பதினைந்து வருடம் ஆகிறது. நான்கு நாள் விடுமுறைக்கு மலைக்குப் போகிறேன், வீட்டில் தங்கிக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தாள். எந்த மலை, எந்த விடுதி என்று எழுதவில்லை. சட்டைப்பையில் போன் வைத்துக்கொண்டு திரிகிற காலமும் அல்ல.

“விடுதிக்குப் போயிடலாம்டி,” என்றாள் ஐலா.

“ஒரு ராத்திரிக்கு ஆளுக்கு நூற்றறுபது ஷில்லிங். உங்கப்பா அனுப்புவாரா? தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்காதே.”

ஐலாவுக்கு வியன்னாவில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். சனிக்கிழமை மாலை ஓபரா அரங்கில் இசைநாடகம். பன்னிரண்டு வயதில், மாட்டுக்கொட்டகை ரேடியோவில் அந்த அரங்கிலிருந்து வந்த ஒரு பெண் குரலைக் கேட்டு, பால் வாளியைக் கவிழ்த்து அம்மாவிடம் உதை வாங்கியவள் அவள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள், ஒருநாள் அங்கே போய்க் கேட்பது என்று. அதற்காக இரண்டு கோடை ஸ்ட்ராபெர்ரி பறித்திருக்கிறாள். நின்றுகொண்டே பார்க்கிற டிக்கெட்டின் விலை ஒரு காபி விலைதான், ஆனால் மதியத்திலிருந்தே வரிசையில் நிற்க வேண்டும். மூட்டையின் அடியில் நீல நிற கவுன் ஒன்றைச் சுருக்கம் விழாமல் சுருட்டி வைத்திருந்தாள். மற்றதெல்லாம் கெர்த்துவின் இஷ்டம், சனிக்கிழமை மட்டும் என்னுடையது என்று ஹெல்சிங்கியிலேயே சத்தியம் வாங்கியிருந்தாள்.

கெர்த்து கடிதத்தை மறுபடி பிரித்தாள். “மேசை மேல் உங்கள் இருவருக்கும் ஆளுக்கொன்று வைத்திருக்கிறேன். கூச்சப்படாமல் பயன்படுத்திக்கொள்ளுங்கள். அத்தைக்கு அதுதான் சந்தோஷம்.”

இருவரும் பலகையைப் பார்த்தார்கள். அதன் மேல் செய்தித்தாளில் மடித்த இரண்டு தொப்பிகள் இருந்தன, சுண்ணாம்பு அடிப்பவர்கள் போட்டுக்கொள்ளும் தொப்பிகள்.

“ஆளுக்கொண்ணு,” என்றாள் கெர்த்து மெதுவாக. அவள் முகத்தில் ஞானம் உதித்தது. கெர்த்துவின் முகத்தில் ஞானம் உதித்தால் ஐலாவின் இடுப்பு உடையும் என்பது இரண்டு வார அனுபவம். “ஐலா! இது தால்கோத்!”

கயானிக்காரர்களுக்கு அந்தச் சொல் போதும். ஒருவர் வீடு கட்டினாலோ கூரை மாற்றினாலோ அக்கம்பக்கம் அத்தனையும் கூலி வாங்காமல் வந்து கைகொடுக்கும், அதற்குப் பெயர் தால்கோத். வேலை நடக்கிற வீட்டுக்காரர் சாப்பாடு போடுவார். போகாமல் இருப்பவன் முகத்தில் அடுத்த பத்து வருடத்துக்கு யாரும் விழிக்க மாட்டார்கள்.

“கூப்பிடவே இல்லையே!”

“கூப்பிட்டா அது தால்கோத் இல்ல, கூலி வேலை. பெயிண்ட் இருக்கு, தொப்பி இருக்கு, சாப்பாட்டுக்கு சாசேஜ் இருக்கு. இன்னும் என்ன, வெத்தலை பாக்கு வச்சு அழைக்கணுமா? ஓசில நாலு நாள் தங்கிட்டு, சுவரைத் தொடாம போனா எங்கப்பா என்னை வீட்டுக்குள்ள சேக்க மாட்டாரு.”

“அது யாரோ கடிச்ச சாசேஜ்டி!”

“அத்தை ருசி பாத்திருப்பா.”

அப்போது தலைக்கு மேலே, மேல்மாடியில், போன் மணி அடிக்க ஆரம்பித்தது. அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. இருபத்திமூன்று வரை எண்ணினாள் ஐலா. நின்றது. மூச்சு வாங்குவதற்குள் மறுபடி அடித்தது.

“மேல் வீட்டுக்காரன் செவிடா?” என்றாள் கெர்த்து.

வெள்ளிக்கிழமை காலை வேலை தொடங்கியது. சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும் என்று கெர்த்து சொன்னாள். கூடத்தில் ஏற்கெனவே ஒரு சுவருக்குப் பாதி வெள்ளை அடித்திருந்தது. அத்தை தொடங்கி வைத்திருக்கிறாளாம், வழிகாட்டுகிறாளாம். இருவரும் தொப்பி போட்டுக்கொண்டு மற்ற பாதியை அடித்தார்கள். அடுத்த சுவர் முடிவதற்குள் வெள்ளை தீர்ந்துவிட்டது.

“கடைல வாங்கிட்டு வரேன்,” என்று ஐலா இறங்கிப் போனாள். அவர்கள் வந்து இறங்கிய வியாழக்கிழமை இயேசு விண்ணேறிய திருநாள். நடுவில் கிடந்த வெள்ளியைப் பாலமாகப் போட்டு, சனியும் ஞாயிறும் சேர்த்து ஊரே கடையைச் சாத்திவிட்டுப் போயிருந்தது. ஒரு மணி நேரம் அலைந்து வெறுங்கையோடு வந்தாள்.

அதற்குள் கெர்த்து பிரச்சினையைத் தீர்த்துவிட்டிருந்தாள். மீதி டப்பாக்களில் மஞ்சளும் நீலமும் இருந்தன. இரண்டையும் வாளியில் கொட்டி மரக்குச்சியால் கலக்கி, மூன்றாவது சுவரை ஏறக்குறைய முடித்துவிட்டாள். சுவர் பாசி பிடித்த குளம் போல இருந்தது.

“ஐயையோ! என்னடி இது?”

“பச்சை. கண்ணுக்குக் குளிர்ச்சி. ஆனா ஒண்ணு, ரெண்டு சுவர் வெள்ளை, ஒண்ணு பச்சைன்னா அத்தை என்ன நினைப்பா? வெள்ளைக்கு மேலயும் பச்சையே அடிச்சிடணும்.”

“காலைலேர்ந்து அடிச்ச வெள்ளைக்கு மேலயா?”

“நல்லதாப் போச்சு, அடிப்பூச்சு ஆச்சு.”

ஐலாவுக்குச் சுவரில் தலையை முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. எல்லாச் சுவரும் ஈரம், அதனால் விட்டுவிட்டாள். பிடிவாதக்காரியோடு ஊர் சுற்றக் கிளம்பியது தன் தலையெழுத்து என்று நினைத்துக்கொண்டு ரோலரை எடுத்தாள். மேலே போன் மறுபடியும் அடித்தது.

கெர்த்து துடைப்பக்கட்டையை எடுத்து உத்தரத்தை மூன்று முறை இடித்தாள். போன் நிற்கவில்லை. ஒரு தட்டு அகலத்துக்குக் காரை பெயர்ந்து, நேராக வாளிக்குள் விழுந்தது. ஐலா தலை முதல் கால் வரை பச்சையானாள். கூரையில் ஒரு பள்ளம். பள்ளத்துக்குப் பட்டி பார்க்க வேண்டும், பட்டி காய வேண்டும், காய்ந்ததும் கூரைக்கும் பெயிண்ட் அடிக்க வேண்டும்.

“மேல போய்ச் சொல்லிட்டு வாடி, போனை எடுங்கன்னு,” என்றாள் ஐலா பல்லைக் கடித்துக்கொண்டு.

கெர்த்து பயந்துபோனாள். “முன்பின் தெரியாதவங்க வீட்டுக் கதவைத் தட்டறதா? உனக்குப் பைத்தியமா?”

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கயானியில் அடுத்த வீட்டுக்காரர் படியில் இறங்கும் சத்தம் கேட்டால், அவர் போய்ச் சேரும் வரை கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் மரியாதை. இருந்தாலும் ஐலா ஆத்திரத்தோடு ஒரு மாடி ஏறிப் போனாள். இடது கைக் கதவு. உள்ளே போன் அலறியது. தட்டுவதற்குக் கையைத் தூக்கினாள். கதவிடுக்கிலிருந்து ஏலக்காய் போட்டுச் சுட்ட பன் வாசனை வந்தது. அம்மா சனிக்கிழமைகளில் சுடுகிற அதே பன். ஐலாவின் வாயில் எச்சில் ஊறியது, கண்ணும் கொஞ்சம் கலங்கியது. பச்சை முகத்தோடு யார் வீட்டு வாசலிலோ நின்றுகொண்டு அழுவதா என்று வெட்கப்பட்டு இறங்கி வந்துவிட்டாள்.

“என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லல. பன் சுடத் தெரியுது, போன் எடுக்கத் தெரியல.”

மாடிப்படி நடையில் இருந்த பொதுக்குழாயில் முகம் கழுவப் போனபோது, கட்டடத்தைப் பெருக்கிப் பார்த்துக்கொள்ளும் நவ்ராட்டில் அம்மாள் படியேறி வந்தாள். தொப்பியையும் பச்சையையும் பார்த்துவிட்டு இடுப்பில் கையை வைத்து நின்றாள்.

“லீவு நாள்லயும் வேலையா? பெயிண்ட் அடிக்க வந்த போலந்துப் பொண்ணுங்களா நீங்க?”

இல்லை என்று சொன்னால் அடுத்து எந்த ஊர் என்பாள், பிறகு எத்தனை நாள் தங்கல் என்பாள், அப்புறம் பேச்சு நீளும். கெர்த்து வேகமாக ஆமாம் என்று தலையாட்டி, ஐலாவை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

“ஏன்டி பொய் சொன்னே?”

“பொய் எங்க சொன்னேன்? தலையைத்தானே ஆட்டினேன்.”

சனிக்கிழமை விடிந்தது. ஐலா எழுந்ததும் முதல் வேலையாக நீல கவுனை எடுத்து ஏணியின் மேல்படியில் தொங்கவிட்டாள், சுருக்கம் போகட்டும் என்று. கெர்த்து தூக்கக் கலக்கத்தில் ஏணியைத் தள்ளிப்போட்டாள். கவுனின் இடது கை போய் ஈரம் காயாத பச்சைச் சுவரில் ஒட்டியது.

“தின்னர் வச்சுத் துடைச்சா போயிடும்,” என்றாள் கெர்த்து. துடைத்தாள். கறை போகவில்லை, துணி போயிற்று. “அந்தக் கையை வெட்டிடலாம். கையில்லாத கவுன்தான் இப்ப நாகரிகம்.” வெட்டினாள். இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்க வேண்டுமே என்று மற்றதையும் வெட்டினாள். அது கொஞ்சம் ஏறிப்போயிற்று. பிறகு இதைக் கொஞ்சம். பிறகு அதை. ஐலா கத்தரிக்கோலைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே எறியாமல் இருந்தது அவளுடைய அம்மாவின் வளர்ப்பு.

“நான் ஒரு மணிக்குக் கிளம்பறேன்,” என்றாள் ஐலா. “இந்த வீடு இடிஞ்சு விழுந்தாலும் வர மாட்டேன். சத்தியம் பண்ணியிருக்கே, ஞாபகம் இருக்கட்டும்.”

“போயிட்டு வா மகராசி. நான் தனியாவே கூரையை முடிச்சிடுவேன்.”

ஓபரா வாசல் வரிசையில் ஐலா பதினோராவது ஆள். மேலே குளிர்சட்டையை மாட்டி, கவுனின் கோலத்தை மறைத்திருந்தாள். காதோரம் பச்சை. ஆனாலும் இரண்டு வாரத்தில் முதல் முறையாகச் சந்தோஷமாக இருந்தாள். முன்னால் நின்ற கிழவர் தான் பார்த்த ஓபராக்களை வருடவாரியாகச் சொன்னார். பின்னால் நின்ற கண்ணாடி போட்ட மாணவி பாதி ஆப்பிளைக் கொடுத்தாள். இரண்டு மணி ஆயிற்று, மூன்று, நான்கு. ஐந்தரைக்கு டிக்கெட் ஜன்னலைத் திறப்பார்கள்.

நாலேகால் மணிக்குத் தெருமுனையில் ஒரு காகிதத் தொப்பி ஓடி வந்தது. தொப்பிக்குக் கீழே கெர்த்து.

“வாளி,” என்றாள், மூச்சிரைக்க.

“சொல்லாதே.”

“ஏணி மேலேர்ந்து வாளி விழுந்திடுச்சு. முழு வாளி. காகிதத்தைத் தாண்டி மரத்தரைல, அங்கேர்ந்து கதவிடுக்கு வழியா மாடிப்படி வரைக்கும்... ஓடுதுடி, நிக்கவே மாட்டேங்குது! தனியா என்னால முடியல. அத்தை நம்மளைக் கொன்னுடுவா. அப்பாவோட பேசவே மாட்டா. ஐலா, கால்ல விழறேன்.”

கெர்த்து அழுதாள். நர்சரிப் பள்ளியிலிருந்து பழக்கம், அவள் அழுது ஐலா பார்த்ததில்லை. ஐலா ஜன்னலைப் பார்த்தாள். பத்தே பேர். ஒன்றேகால் மணி நேரம். ஒன்பது வருடக் கனவு. இவளை அப்படியே விட்டுவிடலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். சனியன் பிடித்தவள், மூக்கு ஒழுக நிற்கிறாள்.

“வரிசையை விட்டுப் போனா போனதுதான்,” என்றாள் கண்ணாடி போட்ட மாணவி. “உன் கழுத்துத் துணியை இந்தக் கம்பில கட்டிட்டுப் போ. ஜன்னல் திறக்கற வரைக்கும் உன் இடத்தை நான் பாத்துக்கறேன்.”

ஐலா கட்டினாள். ஓடினாள். தரையைத் துடைத்தார்கள், படியைத் துடைத்தார்கள். துடைக்கிற துணி தீர்ந்து போர்வையால் துடைத்தார்கள், போர்வையும் தீர்ந்து ஐலாவின் வெட்டிய கவுன் கைகளால் துடைத்தார்கள். மேலே போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் அரங்குக்குத் திரும்பி வந்து சேர்ந்தபோது மணி ஆறே முக்கால். வரிசை இல்லை. மாணவி இல்லை. ஜன்னலைச் சாத்தி, டிக்கெட் தீர்ந்தது என்று அட்டை மாட்டியிருந்தார்கள். கம்பியில் அவளுடைய கழுத்துத் துணி மட்டும் முதல் ஆளாக நின்றது.

அதை அவிழ்த்துக் கழுத்தில் கட்டிக்கொண்டு ஐலா நடந்தே வீட்டுக்கு வந்தாள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. கெர்த்து அவளுக்கு எதிரே உட்கார்ந்து, ஊரிலிருந்து கொண்டுவந்த உப்பு மிட்டாயில் தன் பங்கை முழுதாக அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள். கெர்த்து தன் மிட்டாயை இன்னொருவருக்குக் கொடுப்பது அதுவே முதல் தடவை. ஐலா தின்றாள். மிட்டாய் கரிக்கத்தான் செய்தது.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு புடாபெஸ்ட் ரயில். கெர்த்து பலகை மேல் ஒரு சீட்டு எழுதி வைத்தாள்: “அன்பு அத்தைக்கு, எங்களால் முடிந்த தால்கோத். சமையலறையை முடிக்க முடியவில்லை, மன்னிக்கவும்.” சமையலறை தவிர வீடு முழுக்கப் பச்சையாக, ஓரளவு ஒரே பச்சையாக, காய்ந்துகொண்டிருந்தது. சும்மா சொல்லக் கூடாது, பார்க்கப் பார்க்க அவ்வளவு மோசமாக இல்லை என்று ஐலாவுக்கே தோன்றியது.

“அத்தை சந்தோஷப்படுவா பாரேன்,” என்றாள் கெர்த்து.

“பட்டுத் தொலையட்டும்.”

மூட்டையோடு இறங்கினார்கள். தெருவாசலில் நவ்ராட்டில் அம்மாள் படியின் கடைசிப் பச்சையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். திட்டப் போகிறாள் என்று இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவளோ எழுந்து நின்று, முகமெல்லாம் சிரிப்பாக ஐலாவின் தோளில் தட்டினாள்.

“ரெண்டாவது மாடிப் பெயிண்டர் பொண்ணுங்க! லீவுன்னும் பாக்காம அடிச்சீங்களே!”

“மூணாவது மாடி,” என்றாள் கெர்த்து, மரியாதையாக.

“எந்த ஊர்லம்மா தெருவாசலையும் ஒரு மாடின்னு எண்ணுவாங்க? நீங்க அடிச்சது ரெண்டாவது. மூணாவது உங்க தலைக்கு மேல, பின்லாந்துக்காரம்மா வீடு.”

மேலே போன் அடிக்க ஆரம்பித்தது. நவ்ராட்டில் அம்மாள் அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

“அதோ, மறுபடியும் அவதான் மலைலேர்ந்து தன் வீட்டுக்குக் கூப்பிடறா. ஊர்லேர்ந்து அண்ணன் பொண்ணும் அவ சிநேகிதியும் வர்றாங்கன்னு மெத்தை விரிச்சு, பன் சுட்டு, நேத்து ஓபராவுக்கு முன்வரிசை டிக்கெட் ரெண்டு வாங்கி மேசை மேல வச்சுட்டுப் போனா, அந்தத் தறுதலைங்க எட்டிக்கூடப் பாக்கல. உங்க ரெண்டு பேரையும் பாத்து அதுங்க கத்துக்கணும்!”